பென்குயின்கள் பார்த்த பல் டாக்டர்

தென் துருவத்துக்குக் கப்பலேறி விலங்கு பார்க்கப் போன கொங்கு நாட்டுக் கூட்டத்தில் துணைக்கு ஆளில்லாமல் வந்தவள் தாராபுரத்துப் பல் டாக்டர் மங்கையர்க்கரசி ஒருத்திதான் என்பதால், பென்குயின்கள் அவளைப் பார்க்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, கோயமுத்தூர் விமான நிலையத்தில் பெட்டிகளுக்கு மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோதே, மற்றவர்கள் அவளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை, கழுத்தில் மெல்லிய சங்கிலியைத் தவிர எதுவுமில்லை, ஏன் வந்தாய் என்று கேட்டால் "பாக்கோணும்னு தோணுச்சு, வந்தேன்" என்பதற்கு மேல் அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனின் மனைவி துளசிமணி, ஒருவர் எதற்காக ஒரு காரியத்தைச் செய்கிறார் என்று தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காத சுபாவம் உள்ளவள். அவள் தன் கணவரிடம், "பென்குயின் பாக்கறதுக்குன்னு ஒரு பொம்பளை ஒத்தையில இத்தனை தூரம் வருவாளாங்க?" என்று கேட்டாள். எதைக் கேட்டாலும் சற்று யோசித்துவிட்டு "இருக்கலாம்" என்று சொல்கிறவரான சென்னியப்பன் அப்போதும் யோசித்துவிட்டு "இருக்கலாம்" என்றார்.

உலகத்தின் கடைசி ஊர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற உஷுவாயாவில் கப்பலேறினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்பு ஜாக்கெட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். போகிற மண்ணில் வேற்று விதை ஒன்றுகூட விழக்கூடாது என்று பைகளையும் பாக்கெட்டுகளையும் மெஷின் வைத்து உறிஞ்சியபோது துளசிமணியின் கைப்பையிலிருந்து கடுகும் சீரகமும் ஒரு புளியங்கொட்டையும் வந்தன. பயணத்தை நடத்துகிற சோல்வெய்க் என்ற நார்வேக்காரி, காற்றிலும் பனியிலும் கன்னம் வெடித்தவள், சட்டங்களைச் சொன்னாள்: விலங்குகளிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும், அவை நடக்கும் பாதையை மறிக்கக் கூடாது, உங்களால் ஒரு பறவை தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியது என்றால் நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். டூர் மேனேஜர் ஜெயசீலன், திருச்சிக்காரர், அதைத் தமிழில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதற்கப்புறம் கடல் கப்பலைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை, அவரவர் வாந்திப் பையைத்தான் பார்த்தார்கள். மங்கையர்க்கரசியின் அறையில் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவள் சுகந்தி, அண்ணன் அண்ணியோடு வந்திருந்த பொள்ளாச்சிப் பெண், அண்ணன் அறையில் மூன்றாவது கட்டில் இல்லாததால் இங்கே சேர்க்கப்பட்டவள். கடல் அடங்கும்வரை அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சை ஊறுகாயைச் சப்பக் கொடுத்து, தாராபுரத்தில் தன்னிடம் பல் பிடுங்க வந்து நாற்காலியோடு எழுந்து ஓடிய ஆசாமிகளின் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தவள் மங்கையர்க்கரசிதான். கடல் அடங்கியபோது சுகந்தி அவளை டாக்டரம்மா என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

முதல் தீவில் ரப்பர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. மலைச்சரிவு முழுக்கப் பென்குயின்கள், அவற்றின் காலடியில் சாம்பல் நிறக் குஞ்சுகள், திருவிழாக் கூட்டம் போல இரைச்சல், மீன் கழிவின் நாற்றம், ஒன்று இன்னொன்றின் கூட்டிலிருந்து கூழாங்கல்லைத் திருடிக்கொண்டு ஓட அதை மற்றொன்று துரத்த, எல்லோரும் கேமராவை எடுத்தார்கள். கடைசிப் படகில் வந்த மங்கையர்க்கரசியின் பூட்ஸ் கரைக்கல்லில் பட்டதும் அந்த இரைச்சல் நின்றது. கல் வைத்திருந்தது கல்லோடு நின்றது, குஞ்சுக்கு இரை ஊட்டியது அலகைப் பாதியில் எடுத்தது, நீரிலிருந்து அப்போதுதான் துள்ளி வந்தது ஈரம் சொட்டச் சொட்ட நின்றது, அந்த மலைச்சரிவில் இருந்த அத்தனை பென்குயின்களும் தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தன. அவள் இடது பக்கம் நடந்தால் அத்தனை தலைகளும் இடது பக்கம் திரும்பின. அவள் பூட்ஸைச் சரிசெய்யக் குனிந்தால் அத்தனை தலைகளும் தாழ்ந்தன. பாறைமேல் தூங்கிக்கொண்டிருந்த கொழுத்த சீல் ஒன்று கண் விழித்து, தலையைத் தூக்கி, அதுவும் பார்த்தது.

"டாக்டரம்மாகிட்ட ஏதோ ராசி இருக்குது," என்றார் சுகந்தியின் அண்ணன். அவ்வளவுதான், அது ராசி என்று முடிவாகிவிட்டது. யாருடைய படத்திலும் விலங்குகள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் மட்டும் அவை நேராகக் கேமராவைப் பார்த்தன என்பது முதல் நாளிலேயே தெரிந்துபோனதால், அவள் ஏறுகிற படகில் இடம் பிடிக்கப் போட்டியானது. ஜெர்மன்காரர்களும் நீண்ட லென்ஸோடு வந்த அமெரிக்கர்களும் அவளுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். துளசிமணி தன் டிபன் டப்பாவிலிருந்து நிலக்கடலை உருண்டை எடுத்துக் கொடுத்து, "எங்களோடவே வாங்க டாக்டரம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் நீர்ப்பரப்பு கண்ணாடி போல இருந்த ஒரு விரிகுடாவில், கூனல் முதுகுத் திமிங்கலம் ஒன்று படகின் பக்கத்தில் வந்து நின்று, நீருக்கு மேல் தலையை உயர்த்தி, ஆரஞ்சுப் பழம் அளவுள்ள கண்ணால் மங்கையர்க்கரசியை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அமிழ்ந்தது. படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் கைதட்டவில்லை. பாக்கோணும்னு தோணி வந்தவள் அவள். இதுவரை ஒரு விலங்குகூடத் தன் பாட்டுக்கு இருப்பதை அவள் பார்க்கவில்லை.

எல்லாம் மாறியது துளசிமணியின் டேப்லெட்டில்தான். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அன்றைய படங்களை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு பென்குயினின் கண் திரையை நிறைத்ததும் நிறுத்தினாள். "இது ஆசையாப் பாக்கற பார்வையில்லீங்க," என்று மேஜையில் இருந்தவர்களுக்குக் காட்டினாள். "போலீஸ் ஜீப்புல ஒருத்தனை ஏத்தறப்ப ஊரே வாசல்ல வந்து நின்னு பாக்குமே, அந்தப் பார்வை. நல்லாப் பாருங்க."

எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள். ஒருமுறை அப்படிப் பார்த்தபின் வேறு விதமாகப் பார்க்க யாராலும் முடியவில்லை.

அதற்கு அடுத்த தீவில்தான் குஞ்சுகள் போயின. ஸ்குவா என்கிற பழுப்புநிறக் கொள்ளைப் பறவைகள் எப்போதும் குஞ்சுகளுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும், பெரியவை அலகை உயர்த்திக் கத்தி விரட்டும். அன்று மங்கையர்க்கரசி கரையிறங்கிப் பெரியவை எல்லாம் அவளைப் பார்த்து நின்றபோது ஸ்குவாக்கள் இறங்கின. தாயின் கால்களுக்கு நடுவிலிருந்து குஞ்சை இழுத்தபோதும் தாய் திரும்பவில்லை. அதைவிடவும் எல்லோர் மனதிலும் நின்றுபோனது, குஞ்சைக் கவ்விய ஸ்குவா பறக்கும் முன் அப்படியே நின்று, அலகில் ரத்தத்தோடு, அதுவும் அவளைப் பார்த்ததுதான். மங்கையர்க்கரசி தானாகவே திரும்பிப் படகை நோக்கி ஓடினாள். வழுக்கி விழுந்தாள். தூக்கிவிட யாரும் வரவில்லை.

சோல்வெய்க் அவள் அறைக்கே வந்து, தன் பழைய தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, இனிமேல் கரையிறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பார்க்க வந்தவளைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்ததற்கு வருந்துவதாகவும், இருபது வருடங்களில் இப்படி ஒன்று நடந்ததில்லை என்றும், ஜன்னல் திரையையும் மூடி வைத்தால் நல்லது என்றும் சொன்னாள். மங்கையர்க்கரசி மூடி வைத்தாள். அப்படியும் மிதக்கும் பனிக்கட்டிகளில் பென்குயின்களும் சீல்களும் ஏறி அந்த ஜன்னல் இருந்த பக்கமாகவே வரிசையாக நின்றன, கப்பல் திரும்பினால் அவை நீரில் குதித்து மறுபக்கம் போய் ஏறி நின்றன. கப்பல் மெல்ல அதற்கும் பழகியது. சமையற்காரர்கள் அவளுக்குத் தனியாகத் தட்டு அனுப்பினார்கள், துப்புரவு செய்கிறவர்கள் அவள் அறையைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள், வெளிநாட்டுக்காரர்கள் காலையில் எழுந்து எந்தப் பக்கம் விலங்குகள் நிற்கும் என்று தெரிந்துகொள்ள அவள் அறை இப்போது எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

சுகந்தி ஒரு மத்தியானம் தன் பெட்டியை மூடினாள். "அண்ணன் ரூம்ல சோபாவுல படுத்துக்கறேனுங்க," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"நான் என்ன பண்ணுனேன்னு நீயும் நெனைக்கறயா அம்மிணி?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. நீங்க தூங்கறப்ப நானும் உங்களையே பாத்துட்டு இருக்கறேன். வேணும்னு இல்லீங்க. அப்படி ஆயிருது." அவள் அழுதுகொண்டே போனாள்.

தனியே இருந்த மங்கையர்க்கரசி தன் வாழ்க்கையைத் தானே சந்தேகிக்கத் தொடங்கினாள். காரணமில்லாமல் ஒரு திமிங்கலம் ஒருத்தியை வந்து பார்க்காது அல்லவா. ஏதோ ஒன்றைச் செய்து மறந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பி ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பது போல, ஒவ்வொரு வருடமாகத் தட்டிப் பார்த்தாள். அங்கங்கே கூசியது. சொத்தை என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை.

அதனால் ஒரு மாலை தேநீர் வேளையில், பெரிய கண்ணாடிச் சுவர் வைத்த கூடத்துக்கு வரும்படி ஜெயசீலன் கூப்பிட்டபோது மறுக்காமல் போனாள். கொங்குக் கூட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தது. கூட வந்த சமையற்காரர் போட்ட வெங்காய போண்டா நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே, பனிக்கட்டிகளின் மேல், அவையும் கூடியிருந்தன.

"மேடம், யாரும் உங்களைக் குத்தம் சொல்லல," என்று ஜெயசீலன் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"அட நீங்க இருங்க," என்றாள் துளசிமணி. "டாக்டரம்மா, நாங்க எல்லாம் ஆசை ஆசையா வந்தோம். இப்ப கரையில எறங்கினா அத்தனையும் எங்களுக்கு முதுகைக் காட்டிட்டுக் கப்பலைப் பாத்துட்டு நிக்குது. நீங்க என்ன பண்ணுனீங்கன்னு சொல்லிப்போட்டா உங்களுக்கும் பாரம் கொறையும், எங்களுக்கும் நிம்மதி. நாங்க வெளிய சொல்ல மாட்டோம்."

மங்கையர்க்கரசி தனக்குக் கூசிய இடங்களையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு நெசவாளிக்குச் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கியதையும், அவனிடம் இரண்டுமே கெட்டுப்போயிருந்தது என்று சொன்னதையும் சொன்னாள். "அது எல்லா டாக்டரும் பண்றதுதானுங்க," என்றார் சுகந்தியின் அண்ணன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் மூச்சு முட்டுவது போலாகி யாரிடமும் சொல்லாமல் சினிமாவுக்குப் போய் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். "அது தப்புத்தான், ஆனா அதுக்குத் திமிங்கலம் வராதுங்க," என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. தங்கையின் கல்யாணத்தில் தான் சிரித்ததெல்லாம் பொய்ச் சிரிப்பு என்பதைச் சொன்னாள். அதைக் கேட்டு யாரோ கொட்டாவி விட்டார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, அவர்கள் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிக் கனம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க, கூடத்தில் ஏமாற்றம் ஏறிக்கொண்டே போனது, அந்த ஏமாற்றம் கோபமாகிக்கொண்டு வந்தது.

"இத்தனை சின்னச் சின்னதாச் சொன்னா என்ன அர்த்தம்?" என்றாள் துளசிமணி. "பெருசை மறைக்கறீங்கன்னுதானே அர்த்தம்."

அப்போது மங்கையர்க்கரசி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள், உள்ளே இருந்த முகங்களைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் ஒரே பார்வை இருந்தது. அவளுக்குச் சலித்துப்போனது. "சரி, சொல்றேன்," என்றாள். "ஒருத்தரைக் கொன்னிருக்கறேன்."

கூடம் மூச்சுவிட்டது.

அவள் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை தானாக வந்தது. திருமலைசாமி என்று ஒருத்தன், வெப்படை ஊர்க்காரன், நிச்சயம் வரைக்கும் வந்து, வெற்றிலை பாக்கு மாற்றியபின் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனவன். பல வருடம் கழித்துக் கடவாய்ப் பல் வலி என்று அவளிடமே வந்து, அவளை அடையாளம் தெரியாமல் வாயைத் திறந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. ஞாயிற்றுக்கிழமை, நர்ஸ் வரவில்லை. மரத்துப்போகப் போடுகிற ஊசியில் மருந்தை மாற்றினாள். அவன் கண் மூடுகிற வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. திருமலைசாமி என்று ஒருவனை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

முடித்தபோது சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொலை திமிங்கலத்தின் அளவுக்குச் சரியாக இருந்தது, இப்போது எல்லாம் பொருந்தியது, பொருந்திவிட்டதால் அவர்களுக்கு அவள்மேல் இருந்த பயம் போய்விட்டது. துளசிமணி எழுந்து வந்து போண்டாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "சாப்புடுங்க டாக்டரம்மா. அவன் பண்ணுனதுக்கு அவன் பட்டான். அது ஆகி எத்தனை வருசமாச்சு." அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சுகந்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய அறைக்கே வந்து, "அக்கா" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் மட்டும் தன் நாற்காலியை விட்டு எழாமல், ஆறிய தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கையர்க்கரசியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஜன்னல் திரையை விலக்கியபோது பனிக்கட்டிகளில் ஒன்றும் இல்லை. சோல்வெய்க் தயங்கித் தயங்கி, கடைசிப் படகில், தன் பக்கத்திலேயே உட்கார வைத்து அவளைக் கரைக்குக் கூட்டிப்போனாள். மங்கையர்க்கரசி இறங்கினாள். இரைச்சல் நிற்கவில்லை. ஒரு பென்குயின் இன்னொன்றின் கல்லைத் திருடியது. ஒன்று வழுக்கி வயிற்றால் சறுக்கி, எழுந்து, ஒன்றும் நடக்காதது போலச் சிறகை உதறிக்கொண்டது. ஒரு குஞ்சு தன் தாய் என்று நினைத்து வேறொன்றின் பின்னால் ஓடி, கொத்து வாங்கி, அடுத்ததன் பின்னால் ஓடியது. ஒன்று அவள் பூட்ஸை உரசுகிற மாதிரி வந்து, அவளைப் பாறையென்று எண்ணியது போலச் சுற்றிக்கொண்டு, தன் வேலையாகப் போனது. அவள் கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, நகராமல், கண்ணில் நீர் வழிய வழியப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாக்கோணும்னு தோணுச்சு என்றாளே, அது இதுதான். பொய் சொல்லித்தான் இது கிடைத்தது என்பது தெரிந்திருந்தும், அந்தக் காலையை அவள் விடவில்லை.

பயணத்தின் கடைசிக் கரை ஒரு கருமணல் விரிகுடா. அங்கே எல்லோரும் இறங்கியானபின், கேமரா பேட்டரிக்காக அறைக்குத் திரும்பிப் போய்ப் பின்தங்கிய சென்னியப்பன் வேறொரு படகில் தனியாக வந்தார். அவர் காலை வைத்ததும் இரைச்சல் நின்றது.

அத்தனை தலைகளும் திரும்பின. மங்கையர்க்கரசி முகத்தை ஜாக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டாள், பிறகுதான் அவை தன்னைப் பார்க்கவில்லை என்று புரிந்தது. கூட்டத்தார் அவரிடமிருந்து ஒரு எட்டு, பிறகு இன்னொரு எட்டு, யாரும் யாருக்கும் சொல்லாமல் விலகினார்கள். துளசிமணி மட்டும் கணவரை நோக்கிப் போனாள்.

"எவ அவ?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் ஒன்னுமில்லை துளசி."

"அப்புறம் எதுக்கு உங்களைப் பாக்குது? டாக்டரம்மா சொன்னாப்ல சொல்லிப்போடுங்க, விட்டுரும். கம்பெனியில எவளாவதா? சோமனூர்ல நூல் வாங்கப் போவீங்களே, அங்கயா? எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" அவள் குரல் உடைந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தட்டில் கை நனைத்தவரை, அவள் இப்போது பென்குயின்களுக்கு நடுவில் நின்று, பென்குயின்கள் பார்த்தது போலவே பார்த்தாள். அவர் மணலில் நடந்து, ஆட்களில்லாத பக்கமாகப் போய் நின்றார். தலைகள் அவரோடு திரும்பின.

தூக்கிவிட ஆளில்லாமல் பனியில் கிடந்தது ஞாபகம் இருந்ததால் மங்கையர்க்கரசி அவரிடம் போனாள். பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் சொல்றதைக் கேளுங்க. நான் அன்னைக்குச் சொன்னது அத்தனையும் பொய்."

"தெரியுமுங்க," என்றார் சென்னியப்பன்.

"எப்படி?"

"சட்டையில கட்டம் வரைக்கும் சொன்னீங்க. நெசமாப் பண்ணுனவங்களுக்கு அத்தனை வெவரமாச் சொல்ல வராதுங்க."

சொல்ல வந்ததையே சொன்னாள். "நீங்களும் ஏதாச்சும் ஒரு பொய்யைச் சொல்லிருங்க. பெருசாச் சொல்லுங்க. உங்க வீட்டம்மா நெனைக்கறதை விடப் பெருசா. இவங்களுக்குத் தேவை அவ்வளவுதான்."

அவர் எப்போதும் போலச் சற்று யோசித்தார்.

"எனக்குப் பொய் எதுக்குங்க டாக்டரம்மா," என்றார்.

மங்கையர்க்கரசி தன்னையறியாமல் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் வைத்தது தெரிந்தது, வெட்கமாக இருந்தது, ஆனாலும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. உள்ளே விஷக்காற்று இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூலனூர்க்காரன், செல்லமுத்து என்று பேர், எறங்க மாட்டேன் என்றான். சும்மா எறங்கு என்றார். எறங்கினான். மேலே வரவில்லை. குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று ஊருக்கும் போலீசுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் சொன்னது சென்னியப்பன்தான். அவன் குடிக்கிறவனே இல்லை. என்ன சட்டை போட்டிருந்தான் என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

சொல்லி முடித்துவிட்டு அவர் பென்குயின்களைத் திரும்பிப் பார்த்தார். அவை பார்த்துக்கொண்டே இருந்தன. அவள் பொய் சொன்னதும் விட்டவை, அவர் உண்மை சொன்னபின்னும் விடவில்லை.

திரும்பி வருகிற கடலிலும் அகலச் சிறகுள்ள ஆல்பட்ரோஸ் பறவைகள் மேல்தளத்துக்கு அருகே சிறகை அசைக்காமல் மிதந்து அவரைப் பார்த்தபடியே வந்தன. துளசிமணி அழுதாள், கும்பிட்டாள், கோபித்தாள், பிறகு மங்கையர்க்கரசியைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட என்னமோ சொன்னாரு. நான் பாத்தேன். நீங்க பின்னால போனீங்க."

"அவரையே கேளுங்க," என்றாள் மங்கையர்க்கரசி. அதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. அதனால் துளசிமணி இருவரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள்.

கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்த தெருநாய்கள் எழுந்து நின்றன. குரைக்கவில்லை. சென்னியப்பன் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காரில் ஏறி, டிரைவரிடம், "திருப்பூர் வேண்டாம் கண்ணு. தாராபுரம் வழியா மூலனூர் போ," என்றார். பிறகு மங்கையர்க்கரசியிடம், "நீங்களும் வந்தா நல்லாயிருக்குமுங்க. நடுவழியில எறங்கி ஓடிருவனோன்னு எனக்கே சந்தேகமா இருக்குது," என்றார். மங்கையர்க்கரசி பின்சீட்டில் துளசிமணியின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"மூலனூர்ல யாரு இருக்கறா?" என்று துளசிமணி கேட்டாள். அவர் சாலையைப் பார்த்தபடி வந்தார். ஒரு வீடு, ஒரு பெண், தனக்குத் தெரியாத பிள்ளைகள் என்று அவள் தனக்குள் கட்டிக்கொண்டே வந்தது பல்லடம் தாண்டியதிலிருந்து அவள் முகத்தில் தெரிந்தது. சாலையோரம் மேய்ந்த எருமைகள் கார் கடக்கும்வரை தலை தூக்கி நின்றன.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓட்டு வீடு. ஒரு பெண் முருங்கைத் தழையை ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் இறங்கியதும் ஆடுகள் வாயில் தழையோடு நிமிர்ந்தன. அவர் வேலிப்படல் வரைக்கும் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கார்க் கண்ணாடி இறங்கியிருந்ததால் இரண்டு பெண்களுக்கும் எல்லாம் கேட்டது.

"என்னைத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க," என்றாள் செல்லமுத்துவின் மனைவி.

"உங்க ஊட்டுக்காரர் அன்னைக்குக் குடிச்சிருக்கலீங்க. மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் எறங்கச் சொன்னேன். காத்து இருக்கும்னு எனக்குத் தெரியும்."

ஆடுகள் தலையைத் தாழ்த்தித் தழையைக் கடிக்கத் தொடங்கின. வேலிமேல் இருந்த காக்கை தன் பாட்டுக்கு எழுந்து பறந்தது. அந்தப் பெண் மட்டும் அவரைப் பார்த்தாள். கையில் இருந்த தழையைக் கீழே போடாமல், அழாமல், கண் இமைக்காமல், இத்தனை காலமாகக் குடிகாரன் பெண்டாட்டி என்று ஊர் தன்னைப் பார்த்த பார்வையையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பையன் வேலைக்குப் போயிருக்கறான்," என்றாள் கடைசியில். "அவன் வர்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க. அவன் முன்னாலயும் இதைச் சொல்லோணும். அப்புறம் எங்க கூப்புடறானோ அங்க வந்தும் சொல்லோணும்."

"சொல்றேனுங்க," என்றார் சென்னியப்பன்.

துளசிமணி காரைவிட்டு இறங்கவில்லை. அக்கம்பக்கத்து வாசல்களில் ஒவ்வொருவராக ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பிறகு அவள் மங்கையர்க்கரசியின் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க சொன்னது?" என்று கேட்டாள்.

"பொய்தானுங்க. திருமலைசாமின்னு யாருமே இல்லை."

துளசிமணி அதை யோசித்தாள். "அப்ப உங்களை எதுக்குங்க அதுங்க அப்படிப் பாத்துச்சு?"

"தெரியலீங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

துளசிமணி தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, மடியில் இருந்த கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்து, கதவோரமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். வெளியே வெயிலில், வெறுங்காலோடு, சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார்.